வீட்டுக்கு ஒரு கைபேசி: விளையாட்டுகளும் செயலிகளும் எடுத்துச்செல்லும் தகவல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டியில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த கண்ணாடியை மாற்றுவது, வாய்க்காலில் விழுந்ததைக் காயவைத்துப் பிழைக்கவைப்பது, பழைய செல்லில் உள்ளதையெல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. வேலை முடியும்வரை எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

மிட்டாய் உடைக்கும் விளையாட்டுதானே? அது என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகப்போகிறது?

முதலில் செல்லைப் பற்றிக் குறித்துக்கொள்ளும்: எந்த மாதிரி, எவ்வளவு நினைவகம், எந்த மொழியில் வைத்திருக்கிறீர்கள், எந்த நிறுவனத்தின் சிம். பிறகு உங்களைப் பற்றி: எத்தனை மணிக்குத் திறந்தீர்கள், எந்தக் கட்டத்தில் மூன்று முறை தோற்றீர்கள், தோற்றதும் மூடிவிட்டீர்களா, ‘இன்னும் ஐந்து வாய்ப்பு’ என்ற பொத்தான்மேல் விரல் வைத்தீர்களா. பல்லாங்குழிப் பலகைக்கு நேற்று தோற்றவர் யார் என்று நினைவிருக்காது. இதற்கு இருக்கும். தோற்றவர் எந்த நேரத்தில் காசு கொடுக்க இளகுவார் என்று கணக்குப் போடத்தான் அந்த நினைவு.

எல்லாமே அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஒரு செயலி பாதியில் நின்றுபோனால், எந்தச் செல்லில், என்ன செய்யும்போது நின்றது என்ற குறிப்பு அதை எழுதியவருக்குப் போயாகவேண்டும். எங்கே வலிக்கிறது என்று சொல்லாத நோயாளிக்கு யார் மருந்து கொடுப்பார்? பழுது பார்ப்பவன் என்ற முறையில் அந்தக் குறிப்பின் பக்கம்தான் நான்.

வில்லங்கம் விளம்பரத்தில் இருக்கிறது. இலவச விளையாட்டுகளுக்குள் விளம்பர நிறுவனங்கள் எழுதிக்கொடுத்த நிரல் துண்டுகள் பொதிந்திருக்கும். ஒரே நிறுவனத்தின் துண்டு உங்கள் மிட்டாய் விளையாட்டிலும் இருக்கலாம், ராசிபலன் செயலியிலும் இருக்கலாம், டார்ச் செயலியிலும் இருக்கலாம். ஆண்ட்ராய்டு உங்கள் செல்லுக்குக் கொடுத்திருக்கும் விளம்பர அடையாள எண் மூன்றுக்கும் ஒன்றே. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மூன்று இடத்துச் செய்தியையும் ஒரே ஆளின் பேரேட்டில் ஏற்றிவிடுவார்கள். அமைப்புகளுக்குள் கூகுள், அதற்குள் விளம்பரங்கள், அங்கே ‘விளம்பர ஐடியை நீக்கு’ என்று இருக்கும். அரை நிமிட வேலை. கடைக்கு வரும் செல்லில், உரியவரிடம் கேட்டுவிட்டு நானே நீக்கிக் கொடுக்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.

பேரன் ஆடுவது என் செல்லில். போகிற தகவல் அவனுடையதா, என்னுடையதா?

இதைக் கேட்டவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெரியவர். நான் படித்துப் பார்த்த எந்தத் தனியுரிமைக் கொள்கையிலும் இதற்குப் பதில் இல்லை.

ஆளுக்கு ஒரு செல் என்ற நினைப்பில்தான் இந்தக் கருவிகளையும் இவற்றுக்கான சட்டங்களையும் செய்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பல வீடுகளில் நல்ல செல் ஒன்றுதான். நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து வரும் குறுஞ்செய்தி, வங்கியின் ஓடிபி, திருப்பூரில் வேலைபார்க்கும் மகளின் வாட்ஸ்அப் அழைப்பு, பட்டா சிட்டாவின் படம், மருமகளின் ஸ்கேன் அறிக்கை எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டதும் அதே செல் பேரன் கைக்குப் போகிறது. அவன் ஒரு விளையாட்டை இறக்குகிறான். படங்களைப் பார்க்கலாமா என்று அது கேட்கிறது. ஆட்டம் தொடங்கவேண்டுமே என்ற அவசரத்தில் ‘அனுமதி’யைத் தொடுகிறான். ஆறு பேர் கூடிப் பேசி முடிவெடுக்கவேண்டியதைப் பத்து வயதுப் பையன் ஒரு தொடலில் முடித்துவிட்டான்.

பிறந்த ஆண்டு கேட்கும் இடத்தில் வேறொரு கூத்து. உண்மையைச் சொன்னால் ஆட்டம் திறக்காது என்று பையன்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆண்டுச் சக்கரத்தை ஒரே சுழற்று; 1978 என்றோ 1983 என்றோ போய் நிற்கும். பெற்றோர் சம்மதமில்லாமல் 13 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலை எடுக்கக்கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 2000-லிருந்து நடப்பில் இருக்கிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. இவ்வளவு பெரிய சட்டங்களும் நடைமுறையில் அந்த ஒரு சுழற்றுக்குத் தோற்றுப்போகின்றன. பேரேட்டில் பதிவாவது நெல் விலையும் பார்த்து, பொம்மைப் படமும் பார்க்கும் நடுவயது ஆள். அதனால் தாத்தாவுக்கு டைனோசர் விளம்பரம் வருகிறது, பேரனுக்கு உடனடிக் கடன் விளம்பரம் வருகிறது. தாத்தாவுக்கு வந்ததால் கேடில்லை.

என்ன செய்யலாம்? குழந்தைக்கெனத் தனிக் கணக்கு வைக்கக் கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. ஆனால் அதுவும் குழந்தைக்குத் தனிச் செல் இருக்கிறது என்ற கணக்கில் செய்யப்பட்டதுதான். சில செல்களில் ‘விருந்தினர்’ என்று இன்னொரு பயனரைத் திறக்கலாம். அதற்குள் உங்கள் படங்களோ எண்களோ தெரியாது. அந்த வசதியை எடுத்துவிட்டு விற்கும் நிறுவனங்களும் உண்டு. இல்லாத செல்லில் நான் செய்துகொடுப்பது இவ்வளவுதான்: எல்லா விளையாட்டுகளுக்கும் தொடர்புகள், மைக், இருப்பிடம் மூன்றையும் மறுத்துவிடுவேன். படங்களைக் கேட்டால், ஆண்ட்ராய்டு 14-லிருந்து ‘தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்’ என்ற வழி இருக்கிறது. ஒரு பூனைப் படத்தைக் காட்டிவிட்டு விட்டுவிடலாம். பெரும்பாலான விளையாட்டுகள் மறுத்தபிறகும் ஓடுகின்றன. ஓடாதவை எதற்காக வந்தன என்று அப்போதே தெரிந்துவிடும்.

டீக்கடையில் மோட்டார் பம்பு பற்றிப் பேசினேன். வீட்டுக்கு வந்தால் மோட்டார் விளம்பரம். செல் ஒட்டுக்கேட்கிறதா?

வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். சுத்தப் பொய்யென்று தள்ளவும் முடியாது. 2017 டிசம்பரில் அல்ஃபோன்சோ என்ற நிறுவனத்தின் நிரல் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கூகுள் பிளேயில் இருந்த 250-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் அது இருந்தது. மைக்கைத் திறந்து, அறையில் ஓடும் தொலைக்காட்சியின் ஒலியை வைத்து என்ன நிகழ்ச்சி பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடித்தது. மனிதர்கள் பேசுவதைப் பதிவதில்லை என்று அந்த நிறுவனம் சொன்னது. அனுமதியும் கேட்டுத்தான் எடுத்தது. எதற்கு என்று யார் படித்தார்கள்?

ஆனால் உங்கள் மோட்டாருக்கு மைக் தேவைப்பட்டிருக்காது. உங்கள் செல்லையே வாங்கி விசாரித்தேன். முந்தின நாள் உங்கள் மகன் அதே செல்லில் மோட்டார் விலை தேடியிருக்கிறான். நீங்கள் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசியதற்கும் வீட்டில் மோட்டார் எரிந்துபோனதுதானே காரணம்? இரண்டுக்கும் வேர் ஒன்று. ஆண்ட்ராய்டு 12-ம் அதற்குப் பிந்தியதும் ஓடும் செல்களில் மைக்கோ கேமராவோ திறந்தால் திரையின் மேல்மூலையில் பச்சைப் புள்ளி எரியும். விளையாட்டு ஓடும்போது அது எரிந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள்.

இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டு என்ன செய்வார்கள்? நானே வயலுக்கும் வீட்டுக்கும் நடக்கிறவன்.

விற்பார்கள். விளையாட்டில் ஒரு விளம்பர இடம் காலியாக இருக்கிறது என்றால், உங்கள் செல்லின் விவரத்தைப் பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் காட்டி ஏலம் விடுவார்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் ஏலம் அது. வென்றவர் விளம்பரம் போடுகிறார். தோற்றவர்களும் விவரத்தைப் பார்த்துவிட்டார்கள். பொருள் வாங்கும் எண்ணமே இல்லாமல், விவரத்துக்காகவே ஏலத்தில் உட்காருகிறவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் கிரேவி அனலிடிக்ஸ் என்ற அமெரிக்க இருப்பிடத் தகவல் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்தார்கள். கசிந்த கோப்புகளில் இருந்த செயலிப் பட்டியலில் கேண்டி கிரஷ் பெயரும் இருந்தது. அந்தத் தகவல் ஏலத்தின் வழியே போயிருக்கும் என்பதே அப்போது வெளிவந்த விளக்கம். அதாவது விளையாட்டைச் செய்தவருக்கே தெரியாமல் போகக்கூடிய வழி.

மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் பக்கத்துக்கு வந்துசேர நாள்கணக்கில் ஆகும்; சில ஆண்டுகளில் வராமலும் போகும். கடைமடைக்காரனுக்கு எதுவும் கடைசியில்தான். தகவலில் மட்டும் தலைமடைக்காரனுக்குச் சமமாக நம்மை நடத்துகிறார்கள்.

இருப்பிடத்தை மறுத்தாலும் இணைய முகவரியை வைத்து ஏறக்குறைய எந்தப் பக்கம் என்று கணிப்பார்கள். மொபைல் டேட்டாவில் அது பல நேரம் தப்பாகும். திருத்துறைப்பூண்டியில் இருப்பவரைச் சென்னையில் இருப்பதாகக் காட்டும். தப்பு நம் பக்கம் நிற்கும் அபூர்வமான இடம் அது.

தொடர்புப் பட்டியலைக் கொடுத்தால் என்ன? அதில் வெறும் எண்கள்தானே?

ஒரு பெண் என் கடையில் உட்கார்ந்து அழுதார். இரண்டு நிமிடத்தில் கடன் தரும் செயலி ஒன்றில் சிறுதொகை வாங்கியிருக்கிறார். தவணை தவறிய மறுநாள் அவருடைய சம்பந்தி வீட்டுக்கும், அவர் பால் ஊற்றும் இரண்டு வீடுகளுக்கும், மகனின் வகுப்பாசிரியருக்கும் அழைப்பு போயிருக்கிறது. அத்தனை எண்களும் அவர் கொடுத்த ஒரே ஓர் அனுமதியில் போனவை. கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கியின் கண்ணுக்கே படாமல் நடப்பவைதான் தொடுகின்றன.

பட்டியல் உங்கள் செல்லில் இருந்தாலும் அதில் இருக்கும் எண்கள் மற்றவர்களுடையவை. ஃபேஸ்புக்கில் 2014 வாக்கில் ஓடிய ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியைச் சேர்த்துக்கொண்டவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர். அவர்களுடைய நண்பர்கள் வழியாக 8.7 கோடிப் பேர் வரை தகவல் போனதாக 2018-இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் என்று நீங்கள் கேள்விப்பட்டது அதுதான். எந்த விளையாட்டையும் ஆடத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை.

பப்ஜியைத் தகவல் திருட்டுக்காகத்தானே தடை செய்தார்கள்? பிறகு எப்படித் திரும்பி வந்தது?

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் தடை செய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பயனர் தகவல் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போவது ஆகியவை காரணம். தென்கொரியாவின் கிராஃப்டன் அதே ஆட்டத்தை 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம் மூன்று மாத வெள்ளோட்டம் என்ற நிபந்தனையோடு திரும்பியது.

என் கடைப் பையன்களைக் கேட்டால் ஒவ்வொரு தேதியையும் தீபாவளி போலச் சொல்வார்கள். நான் கவனித்தது ஒன்று: சண்டை முழுவதும் தகவல் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதில்தான் நடந்தது. எவ்வளவு எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்று அந்த அளவுக்கு யாரும் சண்டை போடவில்லை.

விளையாடும்போது பையன் யாருடனோ பேசுகிறான். அதுவும் பதிவாகிறதா?

பதிவாவதைவிட, எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதைப் பற்றி நான் முதலில் கவலைப்படுவேன். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 52 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 27.5 கோடி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் சிறுவர் தகவலை எடுத்ததற்கான அபராதம். அந்நியர்களோடு பேசும் வசதியைச் சிறுவர்களுக்கும் தானாகவே திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. மூடவேண்டும் என்றால் நாம்தான் தேடிப்பிடித்து மூடவேண்டும். குரல் அரட்டையை அணைத்துவிடுங்கள். பள்ளித் தோழர்களோடு மட்டும் பேசும்படி வைக்கவும் பல விளையாட்டுகளில் வழி இருக்கிறது.

ரம்மி செயலியில் ஆதார் கொடுத்தேன். இப்போது அந்த ஆட்டமே இல்லை. ஆதார்?

அங்கேயே இருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு ஆதார் வழிச் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு விதி கொண்டுவந்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சென்னை உயர்நீதிமன்றம் ஜூன் மாதம் விதி செல்லும் என்றது. ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுப் பண விளையாட்டையே தடை செய்தது. ஆட்டத்தை மூடியதால் வாங்கிவைத்த அட்டைகள் தானாக அழிவதில்லை. அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, கணக்கை மூடித் தகவலை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். மடலின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் கைரேகையைப் பூட்டிவிடுங்கள். இனி எங்கு கேட்டாலும் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

லேப்டாப்பில் ஆடினால் பயமில்லையா?

இடம் பெரிது, எடுப்பதும் பெரிது. வாலரண்ட் விளையாட்டோடு 2020-இல் வந்த வான்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு நிரல், கணினி தொடங்கும்போதே விண்டோஸின் அடித்தளத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஏமாற்றுபவர்களும் அந்த ஆழத்தில்தான் வேலை செய்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். நியாயம்தான், கல்லூரிப் பாடமும் வங்கிக் கணக்கும் இருக்கும் ஒரே லேப்டாப்பில் அதை நான் ஏற்றமாட்டேன். 2018-இல் ரெட் ஷெல் என்ற கண்காணிப்புத் துண்டு விலைகொடுத்து வாங்கும் பல விளையாட்டுகளில் இருப்பதை ஆடுபவர்களே கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள்; பல நிறுவனங்கள் உருவிவிட்டன. 2025 ஏப்ரலில் ஐரோப்பாவின் noyb என்ற தனியுரிமை அமைப்பு யூபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தின் மீது புகார் கொடுத்தது: தனியாக ஆடும் ஃபார் கிரை பிரைமல், பத்தே நிமிடத்தில் 150 முறை வெளி சர்வர்களைத் தொட்டதாம். காசு கொடுத்து வாங்கினால் தொல்லை இல்லை என்ற நம்பிக்கை எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது.

காசில்லாமல் எல்லா நாணயமும் கிடைக்கும் ஏபிகே ஒன்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. ஏற்றலாமா?

கூடாது. ஏபிகே என்பது கூகுள் பிளே வழியாக வராமல் நேரே செல்லில் ஏறும் செயலிக் கோப்பு. கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே, பிஎம் கிசான் தவணை என்று வரும் ஏபிகே எல்லாம் ஒரே குடும்பம். குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்பது ஓடிபியைப் பார்க்கத்தான். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், நிறுவச் சொல்லாது. ஏற்றிப் பணம் போய்விட்டது என்றால் என்னிடம் ஓடிவருவதற்கு முன் இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

சட்டம் இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு நட்டஈடு கிடைக்குமா?

இந்தச் சட்டத்தில் கிடைக்காது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில், விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அந்த விதிகள் வந்து 18 மாதம் கழித்தே நடப்புக்கு வரும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். குழந்தைகள் விஷயத்தில் தவறினால் 200 கோடி வரை. அந்தப் பணம் அரசின் தொகுநிதிக்குப் போகும். பொய்ப் புகார் கொடுத்தால் உங்களுக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

எனக்குப் பிடித்த பகுதி வேறு: சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்க வழி இருக்கவேண்டும். தமிழில் கேளுங்கள். அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு அப்போதாவது அவர்கள் பதில் எழுதவேண்டியிருக்கும்.

ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யார் நகையை அடகு வைத்தார் என்பதுவரை. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

உங்கள் நகை அடகில் இருப்பது எனக்குத் தெரியும் என்றால், என் கடை வாடகை பாக்கி உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இருவரும் வாயைத் திறப்பதில்லை. விளம்பர நிறுவனத்தின் வாடகை பாக்கி உங்களுக்குத் தெரியுமா?

உங்களிடம் கொடுக்கும் செல்லை நீங்கள் பார்க்கமாட்டீர்களா?

பார்க்க நேர்ந்திருக்கிறது. படங்களை மாற்றும்போது திரையில் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்ய முடியாது. ஒருமுறை எனக்கு வேண்டிய ஒருவரின் மருத்துவ அறிக்கை ஓடியது. அவரை அதற்குப் பிறகு பழையபடி நலம் விசாரிக்க எனக்கு வரவில்லை. அவர் ஏன் என்று யோசித்திருப்பார். இப்போது மாற்றும்போது திரையை உரியவர் பக்கம் திருப்பி வைத்துவிடுகிறேன். சில புதிய செல்களில், உங்கள் படங்களையும் தகவலையும் மறைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவருக்குச் செல்லைத் திறந்துவிடும் பராமரிப்பு நிலை இருக்கிறது. கொடுக்குமுன் அதைப் போட்டுவிட்டுக் கொடுங்கள். கண்ணாடி மாற்றப் பூட்டுக் குறி எனக்குத் தேவையில்லை.

பழைய செல்லுக்குப் பிளாஸ்டிக் குடம் தருகிறார்கள். கொடுக்கலாமா?

வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் யாருக்கு விற்கிறார்கள் என்று குடம் வாங்கியவர்களுக்குத் தெரியாது. கொடுப்பதென்றால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, கூகுள் கணக்கை நீக்கி, முழு அழிப்புச் செய்துவிட்டுக் கொடுங்கள். திரை செத்துப்போன செல்லில் இதையெல்லாம் செய்ய முடியாது. அப்படிப்பட்டதை என்னிடம் கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் பலகையைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். கூட்டைக் கொடுத்துக் குடம் வாங்கிக்கொள்ளலாம். பலகையை எடுத்துப்போக மறந்தவர்களும் இருக்கிறார்கள். என் மேசையின் கீழ் இழுப்பறையில், பெயர் எழுதி ஒட்டிய உறைகளில், இப்போது பதினொன்று இருக்கின்றன.